பேரிடர் நிவாரணத்துக்காகக் கைவினைப் பொருள் வாங்குகிறீர்களா? முதல்முறை வாங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

வெள்ளமோ புயலோ வந்து போன சில வாரங்களில் வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கும். துணிப்பை, பொம்மை, பின்னல் கூடை, மெழுகுவத்தி. கீழே "விற்பனைத் தொகை நிவாரணத்துக்கு" என்று ஒரு வரி இருக்கும். தாராளமாக வாங்கலாம். நல்ல மனதோடு செய்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் கொடுக்கிற பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று பணம் அனுப்புவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே சொல்லியிருக்கும் எல்லாப் படிகளும் அந்த ஒரு கேள்வியை ஒட்டியவைதான்.

படி 1: இப்போது தேவை நன்கொடையா, கொள்முதலா?

முதல் சில நாட்களில் ஊருக்குத் தேவை குடிதண்ணீர், சோறு, மருந்து, மாற்றுத்துணி. அந்த நேரத்தில் நேரடியாகப் பணம் கொடுப்பதுதான் சரி. முதலமைச்சர் நிவாரண நிதிக்கோ, களத்தில் வேலை செய்வது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அமைப்புக்கோ அனுப்பிவிடுங்கள். கைவினைப் பொருள் விற்று, பணம் சேர்ந்து, கணக்கு முடிந்து போய்ச் சேர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

பொருள் வாங்குவது அடுத்த கட்டத்துக்கான உதவி. முகாம் மூடி, செய்தி வண்டிகள் கிளம்பிப் போன பிறகு, பிழைப்பு திரும்பவேண்டும் என்று மக்கள் தவிக்கும் கட்டம் அது. அப்போது ஒரு நெசவாளருக்கோ தையல் தொழிலாளிக்கோ அரிசி மூட்டையைவிட ஒரு ஆர்டர் பெரிய உதவி. 1969-ல் குஜராத்தின் கட்ச் பகுதியில் கடும் வறட்சி. அங்கே தனேட்டி கிராமத்துக்கு நிவாரண வேலையாகப் போன சந்தாபென் ஷ்ராஃப், ஊர்ப் பெண்கள் உடுத்தியிருந்த எம்பிராய்டரியைப் பார்த்துவிட்டு, அவர்களுக்குச் சேலை கொடுத்து வேலை செய்யச் சொல்லிக் கூலி கொடுத்தார். அப்படித் தொடங்கிய ஸ்ருஜன் அமைப்பு இன்றும் நடக்கிறது. வறட்சி போய்விட்டது, வேலை நிலைத்துவிட்டது.

படி 2: எந்த வகை விற்பனை என்று பாருங்கள்

எல்லாவற்றிலும் "நிவாரணம்" என்ற சொல் இருந்தாலும் பணம் போகும் பாதை வேறு வேறு. பாதிக்கப்பட்டவர்களே செய்து விற்பது ஒன்று. வெளியூரில் யாரோ செய்து, வருகிற பணத்தை அமைப்புக்குக் கொடுப்பது இன்னொன்று. கடைக்காரர் தன் வழக்கமான சரக்கை விற்று, அதில் ஒரு பங்கை மட்டும் கொடுப்பது மூன்றாவது.

கேரளத்தின் சேக்குட்டி பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் நெசவாளர்களின் தறிகளுக்குள் சேறு புகுந்தது. ஓணத்துக்காக நெய்து அடுக்கிவைத்திருந்த சேலைகள் கறைபட்டு விற்க முடியாமல் போயின. எரித்துவிடலாம் என்ற நிலையில் இருந்த துணியை சமூகத் தொழில்முனைவோரான லட்சுமி மேனன், கோபிநாத் பறையில் இருவரும் கையில் எடுத்தார்கள். குளோரின் போட்டுக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து, துண்டு துண்டாக வெட்டிச் சின்னச் சின்ன பொம்மைகளாகச் செய்தார்கள். சேற்றுக்கறையை மறைக்கவில்லை, அது பொம்மையின் உடம்பிலேயே தெரியும். வீடுகளிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தன்னார்வலர்கள் கூடி உட்கார்ந்து பொம்மை கட்டினார்கள். ஒரு சேலையில் சுமார் 360 பொம்மைகள், ஒன்று 25 ரூபாய். கணக்குப் போட்டால் 9,000 ரூபாய் வருகிறது. நன்றாக இருந்த காலத்தில் அந்தச் சேலையின் விலை 1,500 ரூபாய்க்குள்தான். பணம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு.

எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போட்டுப் பார்க்கலாம். எந்தத் துணி, யார் செய்தது, எவ்வளவு, யாருக்கு என்று நான்குக்கும் பதில் கைவசம் இருக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் பொருளுக்கும் இவ்வளவு தெளிவு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம் தொடங்கிய சுனாமிகா பொம்மை வேறு மாதிரி. 2004 சுனாமிக்குப் பிறகு, சுற்றுவட்டார மீனவக் கிராமத்துப் பெண்கள் ஆடை தைத்து மிஞ்சிய துண்டுத் துணியில் விரல் அளவுப் பொம்மைகள் செய்தார்கள். அந்தப் பொம்மைக்கு விலையே கிடையாது, அன்பளிப்பாகத்தான் கொடுப்பார்கள். பெண்களுக்குக் கூலி கொடுத்துவிடுவார்கள், செலவை விரும்பியவர்கள் தரும் நன்கொடை தாங்கும். அதாவது சேக்குட்டியில் செய்பவரின் உழைப்பு இலவசம், பொம்மைக்கு விலை உண்டு. சுனாமிகாவில் உழைப்புக்குக் கூலி உண்டு, பொம்மை இலவசம். இரண்டும் நேர்மையான வழிகள். ஆனால் உங்கள் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது இரண்டிலும் வேறு.

படி 3: விற்பவரிடம் கேளுங்கள்

பலரும் கேட்கத் தயங்கி விட்டுவிடும் இடம் இது. "நல்ல காரியம் செய்கிறார்கள், போய்க் கணக்கு கேட்பதா?" என்று ஒரு கூச்சம். கேட்பதில் தவறே இல்லை. உண்மையாக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்காகக் காத்திருப்பார்கள், கேட்டால் படத்தோடு பதில் வரும். இப்படி ஒரு செய்தி அனுப்பினால் போதும்:

"வணக்கம். உங்கள் துணிப்பை வாங்க விரும்புகிறேன். இதைச் செய்தவர்கள் யார், எந்த ஊர்? விலையில் அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது? நிவாரணத்துக்கு என்று சொல்லும் தொகை எந்த அமைப்பின் கணக்கில் சேர்கிறது? இதுவரை கொடுத்ததற்கு ரசீது இருந்தால் பார்க்கலாமா? நன்றி."

பதிலில் ஊர்ப்பெயர், சங்கத்தின் பெயர், தொகை இருந்தால் நம்பி வாங்கலாம். "எல்லாம் ஏழைகளுக்குத்தான் போகுதுங்க" என்பதோடு பதில் நின்றுவிட்டால், இன்னொரு முறை பணிவாகக் கேளுங்கள். அப்போதும் ஊரும் பேரும் வரவில்லையா, வேறு இடம் பாருங்கள். அமைப்பின் பெயர் சொன்னால், தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடலாம். பெயர் இருப்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. ஆனால் பதிவு எண், முகவரி, பொறுப்பாளர் விவரம் ஓரிடத்தில் கிடைக்கும், பதிலோடு ஒத்துப்பார்க்க உதவும்.

அப்புறம் ஒன்று. ஓடு உடைந்த வீட்டையும் அழும் குழந்தையையும் காட்டி விற்கும் விளம்பரத்தைவிட, தறியையும் செய்கிறவரின் வேலையையும் காட்டும் விளம்பரத்தையே நான் நம்புவேன். துயரத்தில் இருப்பவரின் முகத்தை விலைச்சீட்டாக ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

படி 4: விலையைப் படிப்பது

"லாபத்தில் ஒரு பங்கு", "விற்பனை விலையில் ஒரு பங்கு" இரண்டும் ஒன்றல்ல. ஒரு பை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துணி, ஜிப், உள்துணி எல்லாம் 180, தையல் கூலி 120, கூரியரும் பேக்கிங்கும் 90. மிச்சம் 110. "லாபத்தில் பாதி நிவாரணத்துக்கு" என்றால் போய்ச் சேர்வது 55 ரூபாய். அதே பைக்கு "விற்பனை விலையில் 20 சதவீதம்" என்றால் 100 ரூபாய்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரியும். நிவாரணத்துக்குப் பணம் அனுப்புவது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், அந்த 500 ரூபாயை நேரே கொடுத்துவிடுவது மேல். ஆனால் தையல் கூலியான 120 ரூபாய் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கே போகிறது என்றால் கணக்கு மாறிவிடும். அப்போது பை வாங்குவதே உதவி.

தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். நெசவாளர் சங்கத்திடம் விலையைக் குறைத்தால், குறைவது நூல்விலை அல்ல, கூலிதான்.

படி 5: பொருளைப் பார்ப்பது

உதவிதானே என்று மட்டமான பொருளை வாங்கி அலமாரியில் போட்டுவைக்க வேண்டாம். அது செய்தவருக்கும் மரியாதை இல்லை. பயன்படக்கூடியதை வாங்குங்கள். கைத்தறித் துணி என்று சொன்னால் மத்திய அரசு 2006-ல் கொண்டுவந்த கைத்தறி முத்திரை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாச் சிறு சங்கத்திடமும் அது இருக்காது, அப்படியானால் எந்தச் சங்கத்தில் நெய்தது என்று கேட்டால் போதும். கட்டை அச்சு போட்ட துணி என்றால், ஒரு அச்சும் அடுத்த அச்சும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். கையால் வைத்து அழுத்தியதில் எங்கேயாவது நூலிழை அளவு விலகல் இருக்கும். எம்பிராய்டரியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், கையால் போட்டதென்றால் முடிச்சும் நூல் ஓட்டமும் தெரியும்.

படி 6: பணம் செலுத்துதல்

யுபிஐ-யில் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். சங்கத்துக்கு என்று சொல்லிவிட்டுத் தனிநபர் பெயர் வந்தால், நிறுத்திக் கேளுங்கள். பல கை மாறி வந்த கியூஆர் படத்தை நம்பிப் பணம் போடவே வேண்டாம், அமைப்பின் பக்கத்தில் இருக்கும் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வருமான வரியில் 80ஜி என்று நாம் பழகிய சலுகை பொருள் வாங்கியதற்குக் கிடைக்காது. அது நன்கொடைக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். வரிச் சலுகையும் வேண்டும் என்றால், பொருளுக்குத் தனியாகவும் நன்கொடைக்குத் தனியாகவும் பணம் கொடுத்து இரண்டு ரசீது கேளுங்கள்.

படி 7: இரண்டாவது ஆர்டர்

முதல் ஆர்டர் இரக்கத்தில் வரும், எல்லோரும் கொடுப்பார்கள். ஆறேழு மாதம் கழித்து வரும் ஆர்டர்தான் அரிது. வாங்கிய பொருள் பிடித்திருந்தால் எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத் தாம்பூலப் பை, அலுவலகத் தீபாவளிப் பரிசு, கொலு பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் பொருள் என்று எப்படியும் வாங்கப்போகிறோம். அதை அவர்களிடமே சொல்லலாம். கையால் செய்யும் வேலைக்கு நாள் பிடிக்கும் என்பதால் தீபாவளிக்கு வேண்டியதை ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். வெள்ளத்தில் கையிருப்பைத் தொலைத்தவர்கள் நூல் வாங்கவே கடன் தேடவேண்டியிருக்கும்.

சேந்தமங்கலம் போன்ற ஊர்களில் ஓணத்துக்குத்தான் பெரிய விற்பனை. ஓணம் முடிந்து கூட்டம் குறைந்த பிறகு, தை, மாசி மாதங்களில் கேளுங்கள். அந்த நேரத்தில் வரும் ஒரு வேட்டி ஆர்டருக்கும் சங்கத்தில் மதிப்பு அதிகம், உங்கள் அளவையும் கரையின் நிறத்தையும் நிதானமாகக் கேட்டு நெய்து தர அவர்களுக்கும் நேரம் இருக்கும்.