தமனி மென்தசை செல் கல்ச்சர்: வேகமாக வளர்ந்தால் நல்ல செல் என்று நம்பிவிடாதீர்கள்

தமனியின் மென்தசை செல்களை உடலுக்கு வெளியே, ஆய்வகத்தில் வளர்க்கத் (இதுதான் கல்ச்சர்) தொடங்குபவர்கள் பலரும் செய்யும் பெரிய தவறு, ஃபிளாஸ்க் சீக்கிரம் நிரம்பிவிட்டால் கல்ச்சர் அருமையாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதுதான். ஆரோக்கியமான தமனிச் சுவரில் இந்த செல் அநேகமாகப் பிரிவதே இல்லை. சுருங்குவதும் தளர்வதும்தான் அதன் வேலை. அதையே எடுத்து பிளாஸ்டிக் டிஷ்ஷில் போட்டு 10 சதவீத சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் திரவம்) கொடுத்துப் பாருங்கள், சில நாட்களில் சுருங்குவதற்கான புரதங்களைக் குறைத்துக்கொண்டு, பிரிவதிலும் கொலாஜன் சுரப்பதிலும் இறங்கிவிடும். வேகமான வளர்ச்சி என்பது பெரும்பாலும் இந்த மாற்றத்தின் அடையாளம்.

இதற்கு முக்கியக் காரணம் சீரம். 1974-லேயே ஆய்வாளர் ரசல் ராஸ் குழுவினர் குரங்கின் தமனி செல்களை வைத்து இதைக் காட்டிவிட்டார்கள்: உறைந்த ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில் செல்கள் நன்றாகப் பெருகின, தட்டணுக்களை நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சீரத்தில் அந்த அளவு பெருகவில்லை. தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிதான் வித்தியாசம். ஆகவே சுருங்கும் தன்மையை ஆராயப் போகிறவர் நிறைய சீரத்தில் வளர்ந்த செல்களை அப்படியே சோதனைக்கு எடுப்பது சரியில்லை. செல்கள் டிஷ்ஷை நிரப்பியதும் சீரத்தை 0.5 சதவீதம் அல்லது அதற்கும் கீழே இறக்கி, ஓரிரு நாள் விட்டு, அப்புறம் தொடங்குங்கள். அதனால் எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பிவிடாது, ஆனாலும் செல்கள் பிரிவதை நிறுத்தி ஓரளவு ஒரே நிலைக்கு வரும். மிகவும் அடர்த்தி குறைவாக விதைப்பதும் இந்த மாற்றத்தைத் துரிதப்படுத்தும், பலர் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்தது திசுவைப் பிரிக்கும் இடம். நமக்கு வேண்டியது தமனியின் நடு அடுக்கு மட்டும். வெளியடுக்கில் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற இணைப்புத் திசு செல்கள் இருக்கின்றன, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால்கூட அவை பெருகிக் கல்ச்சரையே பிடித்துக்கொள்ளும். தமனியைச் சிறிது நேரம் கொலாஜினேஸில் (கொலாஜனைச் சிதைக்கும் நொதி) ஊறவைத்தால், ஃபோர்செப்ஸால் பிடித்து இழுக்கும்போது வெளியடுக்கு சட்டைக் கையைப் போல உருவிக்கொண்டு வரும். இதை அவசரப்பட்டு, நுண்ணோக்கியில் பார்க்காமல் செய்யவே கூடாது. உள்பக்கத்தை மெதுவாகச் சுரண்டி, அங்கே படர்ந்திருக்கும் எண்டோதீலிய செல்களையும் அகற்றிவிடுங்கள்.

திசுவைத் துண்டுகளாக வைத்து வளர்ப்பவர்கள் முதல் நாளே டிஷ் நிறைய மீடியம் (வளர்ப்புத் திரவம்) ஊற்றிவிடுகிறார்கள். துண்டு மிதந்துவிட்டால் தரையில் ஒட்டாது, ஒட்டாவிட்டால் செல் வெளியே ஊர்ந்து வராது. துண்டு நனையும் அளவு ஊற்றினால் போதும், ஒட்டியபின் கூட்டிக்கொள்ளலாம். செல்கள் வெளிவர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம், அதுவரை தினமும் இன்குபேட்டரைத் திறந்து டிஷ்ஷை ஆட்டிப் பார்க்காதீர்கள்.

ஆல்ஃபா ஆக்டின் என்ற புரதத்துக்கான சாயம் ஏறிவிட்டது, ஆகவே இது மென்தசை செல்தான் என்று எழுதுவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. சுருங்கும் தன்மை பெற்ற ஃபைப்ரோபிளாஸ்ட்களான மயோஃபைப்ரோபிளாஸ்ட்களும் அதே ஆக்டினைக் காட்டும், டிஷ்ஷில் வளரும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் எளிதில் அந்த நிலைக்குப் போய்விடும். நிரம்பிய கல்ச்சரில் தெரியும் மேடு பள்ளமான அமைப்பும் ஒரு குறிப்பு மட்டுமே. கால்போனின், மென்தசை மயோசின் கனச்சங்கிலி ஆகிய இரண்டு சுருங்கு புரதங்களையும் சேர்த்துப் பாருங்கள், எண்டோதீலியத்துக்கான அடையாளப் புரதம் சிடி31 இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். மயோசின் மங்கலாகத் தெரிந்தால் செல் எந்த அளவு மாறிவிட்டது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பாசேஜ் எண்ணை, அதாவது செல்களை எத்தனை முறை பிரித்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றியிருக்கிறோம் என்பதை, ஒவ்வொரு ஃபிளாஸ்க்கிலும் எழுதுங்கள். மூன்றாவது பாசேஜில் எடுத்த கட்டுப்பாட்டுக் குழுவை ஒன்பதாவது பாசேஜில் மருந்து கொடுத்த செல்களோடு ஒப்பிட்டால், தெரியும் வித்தியாசம் மருந்தினாலா பாசேஜினாலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆரம்ப பாசேஜிலேயே செல்களைக் கணிசமாகக் குளிரில் உறையவைத்து விடுங்கள்.

பென்சிலின் போட்டிருக்கிறோம் என்ற தைரியமும் ஆபத்து. கல்ச்சரைத் தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது, பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. மீடியம் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியில் கண்ணுக்கும் படாது, ஆனால் செல்லின் நடத்தை மட்டும் மாறிக்கொண்டே போகும். புதிதாக வரும் எந்தக் கல்ச்சரையும் தனியாக வைத்து, பிசிஆர் சோதனையில் (மைக்கோபிளாஸ்மாவின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறிவது) அது இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.