கலர் நெகட்டிவ் ஸ்கேன்: ரோலுக்கு ஒருமுறை அளந்து பூட்டுங்கள்

ஒரே ரோலில் ஒரு படம் நீலமாகவும் அடுத்தது பச்சையாகவும் வந்தால் ஃபிலிமைத் திட்டாதீர்கள். ஸ்கேனரின் ஆட்டோ எக்ஸ்போஷர் (ஒளியளவைத் தானே முடிவு செய்யும் வசதி) ஒவ்வொரு ஃபிரேமையும் புதிதாக அளக்கிறது. படம் முழுக்கப் புல்வெளி என்றால் அந்தப் பச்சையையே பிழையென்று நினைத்துக் குறைத்துவிடும்.

அளக்க வேண்டியது படத்தை அல்ல, டெவலப் ஆன ஃபிலிமில் ஒளி படாத ஆரஞ்சுப் பகுதியை. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே உள்ள இடைவெளி போதும். ரோலின் தொடக்க நுனி உதவாது. கேமராவில் போடும்போதே வெளிச்சம் பட்டு அது கறுத்திருக்கும். ஓரத் துளைகளும் தேர்வுக்குள் வரக் கூடாது.

வியூஸ்கேன் என்ற ஸ்கேன் மென்பொருளில் மீடியாவைக் கலர் நெகட்டிவ் என வைத்து பிரிவியூ எடுங்கள். கிராப்பை அந்த ஆரஞ்சுப் பட்டைக்குள் சுருக்கி மீண்டும் பிரிவியூ. ‘லாக் எக்ஸ்போஷர்’ டிக் செய்து இன்னொரு பிரிவியூ, பிறகு ‘லாக் ஃபிலிம் பேஸ் கலர்’. இனி கிராப்பை ஃபிரேமுக்கு விரித்து முழு ரோலையும் ஓட்டலாம். சேமிப்பது 48 பிட் டிஃப் (TIFF) கோப்பாக இருக்கட்டும். 24 பிட்டில் கர்வை (ஒளியையும் நிறத்தையும் திருத்தும் வளைகோடு) இழுத்தால் வானம் பட்டை பட்டையாக உடையும்.

இது ஏன் பலிக்கிறது? நெகட்டிவில் அதிகம் ஒளி புகுவது அந்த ஆரஞ்சு அடித்தளத்தில்தான். அதுவே ஹிஸ்டோகிராமின் (ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டவில்லை என்றால் படத்தின் எந்த நிழலும் வெட்டுப்படாது. ஆரஞ்சு நிறம் நீல ஒளியை விழுங்குவதால் நீலச் சேனல்தான் (படத்தின் நீல நிறப் பதிவு) எப்போதும் நோஞ்சான். எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்துவிட்டு மென்பொருளில் தூக்கினால், முதலில் நாய்ஸ் புள்ளிகள் தட்டுவது வெளிர் மேகங்களில். நெகட்டிவில் அடர்த்தியான இடம் அதுதானே.

ஸ்கேனருக்குப் பதில் கேமராவில் நெகட்டிவைப் பிரதி எடுப்பவர்களுக்கும் இதே கணக்கு: ரா கோப்பு, ஐஎஸ்ஓ 100, எஃப்/8, மேனுவல். அடித்தளத்தைப் பார்த்து, சிவப்புச் சேனல் வலது ஓரத்துக்குச் சற்று முன்னால் நிற்கும்படி ஷட்டரை வையுங்கள், பிறகு தொடாதீர்கள். ஃபிலிமுக்குப் பின்னால் வைக்கும் விளக்கின் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 95க்குக் குறையக் கூடாது. அறை விளக்கை அணைத்து, ஃபிலிமைச் சுற்றிக் கசியும் ஒளியைக் கறுப்பு அட்டையால் மறைக்க வேண்டும்.

பூட்டிய பிறகு குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த ஃபிரேம் மஞ்சளாக வரும். அதை மட்டும் தனியே திருத்துங்கள், பூட்டை அவிழ்க்காதீர்கள். சாயம் மங்கிய பழைய நெகட்டிவில் நிழல் ஒரு நிறமும் வெளிச்சம் வேறு நிறமுமாகச் சாயும். அங்கே ஒயிட் பேலன்ஸ் போதாது, மூன்று சேனல்களின் கர்வையும் தனித்தனியே வளைக்க வேண்டும்.