போர் தண்ணிக்கும் மேற்கு வெயிலுக்கும் ஏத்த பூச்செடி – என் அனுபவம்

நாங்க குடிவந்தப்பவே காம்பவுண்டு ஓரமா இட்லிப்பூ செடி வரிசையா இருந்துச்சு, ஆனா புது இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, பூ பேருக்குத்தான். உரம் பத்தலைன்னு பாக்குறவங்க எல்லாம் சொன்னாங்க. ஆனா இப்படி இருந்தா பெரும்பாலும் அது இரும்புச்சத்து பிரச்சினைங்க, மண்ணுல இரும்பு இருந்தாலும் போர் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தியா இருந்தா மண்ணோட பிஹெச் (அதாவது அமில-கார அளவு) ஏறிடும், அப்புறம் வேரால இரும்ப எடுக்க முடியாது. இட்லிப்பூவுக்கு பிஹெச் 5.5லேருந்து 6.5 வரைக்கும் இருந்தாதான் சந்தோஷம்.

தண்ணிய மாத்த முடியாது, செடிய மாத்திடலாம்னு முடிவு பண்ணேன். சின்ன செடி ரெண்ட மட்டும் தொட்டிக்கு மாத்தி மழைத்தண்ணி புடிச்சு ஊத்துறேன், புதுத்துளிர் நல்ல பச்சையா வருது.

செவுத்தோரம் இப்ப காகிதப்பூ, அதாங்க போகன்வில்லா. தினம் 6 மணி நேரமாச்சும் நேரடி வெயில் வேணும், மேற்கு பக்கத்துல அதுக்கா பஞ்சம்! கலரா தெரியுறது இதழே இல்ல, பூவடி இலை, நடுவுல இருக்கிற குட்டி வெள்ளைதான் பூ, அதான் இவ்ளோ நாள் வாடாம நிக்குது. வேர் புடிச்சப்புறம் தண்ணிய குறைக்கணும், யூரியா போட்டா வெறும் இலையாத்தான் வளரும். ஒரு சுத்து பூத்து முடிஞ்சதும் நுனிய வெட்டி விடுங்க, புதுக்கிளையிலதான் அடுத்த பூ.

அரளியும் இந்த வெயில தாங்கும், ஆனா முழுச்செடியும் விஷம், வீட்டுல சின்னக் குழந்தை இருக்கிறதால வேண்டாம்னுட்டேன்.