பழைய காருக்கு கிரில் செய்கிறீர்களா? இந்த இடங்களில் கவனம்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடை கடையாக ஏறி இறங்கியும் பிரீமியர் பத்மினி காருக்கு உருப்படியான முன்பக்க கிரில் கிடைக்கவில்லை என்றால், நாமே செய்துகொள்ளலாம் என்றுதான் தோன்றும். தாராளமாகச் செய்யலாம். சிவாஜிநகரில் தமிழ் பேசும் டிங்கர்கள் இருக்கிறார்கள், பீன்யாவில் லேசர் கட்டிங் இருக்கிறது. ஆனால் காசு வீணாவது பெரும்பாலும் முதல் நாளே, அளவெடுக்கும்போது.

ஃபோட்டோவைப் பார்த்தோ, இன்னொரு பத்மினியின் கிரில்லை அளந்தோ தொடங்காதீர்கள். நாற்பது வருடத்தில் எத்தனையோ முறை இடிபட்டு, தட்டி நிமிர்த்தி, பட்டி பூசிய முகம் அது. இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பி, நான் பாதி அட்டையை வெட்டி அதையே திருப்பிப் போட்டு மறுபாதியை வரைந்தேன். தகடு வெட்டி வந்ததும் வைத்துப் பார்த்தால், வலது ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. டிங்கர் அண்ணன் தகட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் தனித்தனியா அளக்கணும் சார். பானெட்ட மூடிட்டு அட்டைய வைங்க" என்றார்.

பானெட்டை மூடச் சொன்னதுதான் முக்கியம். திறந்து வைத்து அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். மூடும்போது பானெட்டின் உதடு கிரில்லில் இடிக்கும். பம்பரும் ஹெட்லைட் வளையங்களும் பொருத்தியிருக்க வேண்டும். கெட்டி அட்டை ஒன்றை முழு அகலத்துக்கும் வைத்து, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அந்த இடத்தில் ரப்பர் பீடிங் போட்டால் தகடு பாடியில் உரசாது. பானெட் கொக்கிக்குக் கை போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது காற்று. அழகுக்காகப் பொடித் துளைத் தகட்டைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. 3 மி.மீ. துளைகள், மையத்துக்கு மையம் 5 மி.மீ., வரிசை மாற்றி அடித்த தகடு என்றால் திறந்திருப்பது மூன்றில் ஒரு பங்குதான். 1.5 மி.மீ. கம்பியில் பின்னிய, 10 மி.மீ. கட்டம் கொண்ட வலை என்றால் முக்கால் பங்கு திறந்திருக்கும். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் பழைய ஃபேன், வண்டி நின்றுகொண்டிருக்கும்போது மெதுவாகத்தான் சுற்றும். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டால் ரேடியேட்டருக்குக் கிடைப்பது அந்த ஃபேன் இழுக்கும் காற்று மட்டும்தான். அதையும் அடைத்துவிடக் கூடாது.

உலோகம் வாங்கும்போது காந்தத்தை நம்பாதீர்கள். ஒட்டவில்லை என்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பார்கள். 202 என்ற இன்னொரு ரகத்திலும்தான் காந்தம் ஒட்டாது. நிக்கல் குறைவான 202 மழையில் சீக்கிரம் கறை பிடிக்கும். 304 என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அலுமினியத்தில் செய்தால் ஸ்டீல் ஸ்க்ரூவுக்கு அடியில் நைலான் வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தில் அந்த இடத்து அலுமினியம் அரித்துவிடும்.

என்னைக் கேட்டால் 304-ஐ பஃபிங் செய்து மெருகேற்றினாலே போதும், குரோம் தேவையில்லை. சாதா இரும்பு என்றால் செம்பு, நிக்கல், குரோம் என்று மூன்று பூச்சும் வேண்டும். குரோம் எதையும் மறைக்காது: சுத்தியல் தடமும் வெல்டிங் ஓட்டையும் பூசிய பிறகு இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால் துளை, வெல்டிங், ராவுதல் எல்லாம் முலாமுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பழைய கிரில் மாட்டியிருந்த அதே துளைகளில் புதியதை மாட்டுங்கள். பாடியை வெட்டாதீர்கள். 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிய 2021-இல் வந்த விதி, பாடியிலும் சேஸியிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. நெளிந்த பழைய கிரில்லையும் துணி சுற்றிப் பரணில் வையுங்கள்.

அப்புறம், பஃபிங்குக்கோ முலாமுக்கோ கொடுக்கும் முன் ஒரு வாரம் அப்படியே மாட்டி ஓட்டுங்கள். வேகத்தடையில் கடகடக்கிறதா, நெரிசலில் சூடு ஏறுகிறதா என்று அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.