பள்ளி முடியும் வரை அடக்கும் பிள்ளைகள்: மலையில் இருக்கும் பெற்றோருக்கு

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையைப் போட்டுவிட்டு நேராகக் கழிவறைக்கு ஓடும் பிள்ளை, காலை ஏழரைக்குப் பிறகு ஒன்றுக்கே போயிருக்காது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் பஸ் நிறுத்தத்தில் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். டிஃபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது, காலையில் வயிறு வலிக்கிறது என்கிறது, பேன்ட்டை நனைத்துவிடுகிறது, ஸ்கூலுக்கே போக மாட்டேன் என்று அழுகிறது. நாலும் தனித்தனிக் கவலையாகத் தெரியும். பல வீடுகளில் நாலுக்கும் வேர் ஒன்றுதான்: பிள்ளை தண்ணீர் குடிப்பதில்லை, மலம் இறுகிவிடுகிறது, சிறுநீரை அடக்குகிறது. இதில் ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்ற இரண்டும் அதைத் திரும்ப இழுத்து வந்துவிடும்.

குளிரில் இது ஏன் கூடுகிறது என்றால், தோலில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்பக்கம் சேரும்போது சிறுநீரகம் அதிகச் சிறுநீரை இறக்கும். அதே சமயம் தாகம் எடுக்காது. சின்னப் பிள்ளையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: வயதோடு 1 கூட்டி 30-ஆல் பெருக்கினால் வருவது மில்லி. 5 வயதுக்கு 180 மில்லி, ஒரு டம்ளர்கூட இல்லை. அது இரண்டரை, மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிடும். எட்டு மணி நேரம் தாங்குகிறது என்றால் ஒன்று, பிள்ளை தண்ணீரே குடிக்கவில்லை. அல்லது நிறைந்த பையை இறுக்கிப் பிடித்துப் பழகிவிட்டது. பஸ்ஸில் நனைத்துவிடுமே என்று காலையில் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புகிறவர்கள் உண்டு. அதைவிடத் தப்பான வைத்தியம் இல்லை. தண்ணீர் குறைந்தால் மலம் கல்லாகும், கல்லான மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும், அப்புறம் கொஞ்சம் சேர்ந்தாலே நனையும்.

முதல் மூன்று நாள்: எதையும் மாற்றாமல் பாருங்கள்

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றன்று கிழிக்கும் தாளின் பின்பக்கம் போதும். எழுந்தபின் எத்தனை முறை ஒன்றுக்குப் போனது (4 முதல் 7 முறை சரியான அளவு), பாட்டிலில் எவ்வளவு மிச்சம், மலம் எப்படி இருந்தது, ஜட்டி ஈரமா என்று நாலு வரி. சாயங்காலம் போகும் சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் போல இருந்தால் சரி, நல்ல மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டையாக வந்தாலும், வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைவாகப் போனாலும், கழிவறை அடைக்கிற அளவுக்குப் பெரிதாக வந்தாலும் அது மலச்சிக்கல்தான். தினமும் கொஞ்சம் போகிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஜட்டியில் தண்ணீராகக் கறை படுவதைப் பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மருந்து கொடுப்பதும் நடக்கிறது. இறுகிய மலத்தின் ஓரமாகக் கசிவதுதான் அது. அந்த மருந்து இன்னும் இறுக்கும்.

அடக்கும் பிள்ளையைப் பார்த்தாலே தெரியும். காலைப் பின்னிக்கொண்டு நிற்கும், நின்ற இடத்திலேயே ஆடும். பெண் பிள்ளைகள் ஒரு குதிகாலை அடியில் வைத்து அதன்மேல் அழுத்தி உட்காருவார்கள். அது விளையாட்டு இல்லை.

உடுப்பு

மலையில் பாதித் தொல்லை இங்கேதான். ஜெர்கின், ஸ்வெட்டர், பினாஃபோர், உல்லன் ஸ்டாக்கிங்ஸ், அதற்குள் தெர்மல், அதற்குள் ஜட்டி. வீட்டில் அம்மா கழற்றிவிடுகிறார். பள்ளியில் குளிரில் விறைத்த விரலோடு பிள்ளை தானே கழற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு யூனிஃபார்மையும் ஷூவோடு போட்டுவிட்டு, தனியாகக் கழிவறைக்குப் போய்வரச் சொல்லி வெளியே கடிகாரத்தோடு நில்லுங்கள். இறக்குவதற்கு மட்டும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் குறை பிள்ளையிடம் இல்லை, உடுப்பில்தான். இந்த வயதில் கடைசி நிமிடத்தில்தான் சொல்லத் தோன்றும்.

பெண் பிள்ளைகளிடம் இன்னொன்றும் நடக்கும். ஸ்டாக்கிங்ஸை முழங்கால் வரை மட்டும் இறக்கிக் குந்தினால் இரண்டு முட்டியும் ஒட்டியே இருக்கும். சிறுநீரில் கொஞ்சம் பிறப்புறுப்புக்குள் பின்வாங்கி நின்று, எழுந்து நடந்த பிறகு சொட்டும். அரை மணிக்கெல்லாம் ஜட்டி ஈரம், புண், அரிப்பு. முட்டியை அகட்டி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து உட்கார்ந்தால் இது நின்றுவிடும். ஆனால் கணுக்கால் வரை இறக்கினால் ஸ்டாக்கிங்ஸ் ஈரத் தரையில் புரளும். ஸ்டாக்கிங்ஸுக்குப் பதிலாக முழங்கால் வரை உல்லன் சாக்ஸ், மேலே தொடை வரை தளர்வான பருத்தி ஷார்ட்ஸ் என்று பிரித்துப் போட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். பள்ளி ஒத்துக்கொள்ளாவிட்டால் வகுப்பு மிஸ்ஸிடம் காரணத்தைச் சொல்லி டைரியில் எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த நாள் வாசலில் நிற்கும் வேறொருவர் பிள்ளையைத் திட்டுவார்.

ஆண் பிள்ளைக்கு ஹூக்கும் ஜிப்பும் வேண்டாம், இடுப்பில் எலாஸ்டிக் போதும். எலாஸ்டிக்கைப் பாதி இறக்கி அதன்மேலேயே போனால் அது அடியில் அழுத்திச் சிறுநீரை மிச்சம் வைத்துவிடும். தொடை வரை இறக்கச் சொல்லிக் கொடுங்கள்.

தண்ணீர்

4 முதல் 8 வயதுக்கு ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றேகால் லிட்டர் நீராகாரம் போக வேண்டும். பால், ரசம், கஞ்சி எல்லாம் சேர்த்துத்தான். அதில் பள்ளிப் பங்கு 400 மில்லி. பச்சைத் தண்ணீரைக் குளிரில் எந்தப் பிள்ளையும் வாயில் வைக்காது. சின்ன ஸ்டீல் ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பாகக் கொடுங்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் குமிழி வந்ததும் அணைக்காமல் 3 நிமிடம் கொதிக்க விடுங்கள், கொடைக்கானலிலும் அப்படியே. அடுத்து, ஒரு பங்கு கொதித்த தண்ணீருக்கு இரண்டு பங்கு முந்தின இரவே கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். ஜனவரிக் காலையில்கூட 38, 40 டிகிரிக்கு வந்துவிடும். சுடச்சுட ஊற்றி அனுப்பாதீர்கள். வாய் வெந்துபோகும் என்பது ஒரு பக்கம். சூடாக இருக்கும்போதே இறுக்கி மூடினால் உள்ளே ஆவி குளிர்ந்து மூடியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பிள்ளையால் திறக்கவே முடியாது. பாட்டில் நிறையத் திரும்பி வருவதற்குப் பல நாள் இதுதான் காரணம்.

கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்கள், பஸ்ஸில் ஏறும் முன் ஒரே மூச்சில் குடிக்கவைக்காமல் எழுந்ததும் அரை டம்ளர், சாப்பாட்டோடு அரை டம்ளர் என்று பிரித்துக் கொடுங்கள்.

காலைக் கடன்

சாப்பிட்ட பத்து இருபது நிமிடத்தில் குடல் தானே அசைந்து கொடுக்கும். அந்த நேரத்தில்தான் நம் பிள்ளைகள் பஸ்ஸில் இருக்கிறார்கள். வழி ஒன்றுதான்: இருபது நிமிடம் முன்னால் எழுப்புவது, சாப்பிட்டதும் ஐந்து நிமிடம் உட்காரவைப்பது. வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து நிமிடம்தான். கதவுக்கு வெளியே நின்று ‘முக்கு, முக்கு’ என்று அவசரப்படுத்தினால் பிள்ளை இன்னும் இறுக்கிக்கொள்ளும். வெஸ்டர்ன் கழிவறை என்றால் காலடியில் ஒரு மணை போட்டு முட்டி இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி செய்யுங்கள். கால் தொங்கினால் முக்கவே வராது.

காலையில் டீயும் வர்க்கியும் மட்டும் கொடுத்து அனுப்பும் வீடுகளில் இந்தச் சிக்கல் சீக்கிரம் வரும். ஊட்டி வர்க்கி 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம்தான், ருசிக்குக் குறைவில்லை. ஆனால் மைதாவில் நார் மிகக் குறைவு. பாலும் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். வயதோடு 5 கூட்டினால் ஒரு நாளைக்கு வேண்டிய நார்ச்சத்து கிராமில் கிடைக்கும், அதாவது 5 வயதுக்கு 10 கிராம். தோலோடு ஒரு பேரிக்காய் தின்றால் அதில் பாதி கிடைத்துவிடும். கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, பட்டாணி, கேரட், பட்டர் ஃப்ரூட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் விளைகின்றன. பழனி மலைப் பக்கம் மலைவாழைப்பழம் இருக்கிறது.

விளக்கெண்ணெய் கொடுத்து ஒரே நாளில் கழுவிவிடுவதும், வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைப்பதும் வேண்டாம். அந்த வலியை நினைத்தே பிள்ளை அடுத்த பத்து நாள் அடக்கும். மூன்று வாரத்தில் சரியாகவில்லை என்றால் மருத்துவர் மலமிளக்கி தருவார். அது மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியது. ஒரு வாரத்தில் சரியாகிவிட்டதே என்று நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது.

பள்ளியில்

வீட்டில் வெஸ்டர்ன், பள்ளியில் இந்தியன் என்றால் குந்தத் தெரியாத பிள்ளை ‘உள்ளே விழுந்துடுவேன்’ என்று பயப்படும். தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு 20 எண்ணும் வரை குந்தவைத்துப் பழக்குங்கள். குதிகால் தரையில் பதிய வேண்டும்.

கேட்கத் தெரியாத பிள்ளைகளும் உண்டு. வீட்டில் படுக மொழியோ தமிழோ பேசிவிட்டு இங்கிலீஷ் மீடியத்தில் போய் உட்கார்ந்தால், ‘மே ஐ கோ டு டாய்லெட்’ வாயில் வரும் முன் நனைந்துவிடும். மிஸ்ஸிடம் போய், ‘சுண்டுவிரலைக் காட்டினா அனுப்பிடுங்க மிஸ், கேக்க வெக்கப்படுறா’ என்று சொல்லிவையுங்கள். நாமெல்லாம் காட்டிய அதே சுண்டுவிரல்தான். அதோடு காலை இடைவேளை, மதியம், கடைசி மணிக்கு முன் என்று மூன்று முறை ‘வருதா’ என்று கேட்காமல் ‘போய்ட்டு வா’ என்று அனுப்பச் சொல்லுங்கள். வருதா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

கழிவறையை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளை உயரத்தில் நின்று பார்த்தால்தான் விஷயம் புரியும்: தாழ்ப்பாள் எட்டுகிறதா, பல்பு எரிகிறதா, மக்கு இருக்கிறதா, மழை நாளில் போகும் வழி நனைகிறதா. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான், ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறையும் அதே சட்டத்தில் உண்டு.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று கழிவறை என்றாலே நடுங்கினால், அங்கே யாராவது பூட்டினார்களா, பயமுறுத்தினார்களா, தொட்டார்களா என்று மடியில் வைத்து மெதுவாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1098-க்கு அழைக்கலாம்.

பையின் அடியில் எப்போதும் இரண்டு ஜட்டி, ஒரு பேன்ட் அல்லது ஷார்ட்ஸ், ஒரு ஜோடி சாக்ஸ், சின்னத் துண்டு. ஈரத் துணிக்கு ஜிப் வைத்த ரெக்சின் பை தைத்துக்கொள்ளுங்கள், கேரி பேக்குக்கு இங்கே தடை. மழை மாதத்தில் துணி காயாது என்பதால் ஜட்டி ஏழெட்டு இருக்கட்டும். அரை ஈரத்தில் போடுவதுதான் புண்ணுக்குக் காரணம். காயவைக்கக் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் நச்சு வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். நனைத்து வந்த அன்று மாற்றிவிட்டு வேறு பேச்சுப் பேசுங்கள். பஸ் நிறுத்தத்தில் மற்றவர்கள் முன் சொல்லிச் சிரிப்பது வேண்டவே வேண்டாம்.

மருத்துவரிடம் எப்போது

சளி இல்லாமல் காய்ச்சல், போகும்போது எரிச்சல், நாற்றம், அடிவயிறு அல்லது இடுப்பு வலி இருந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். மருந்து தொடங்கும் முன்பே சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரவில் ஆசனவாய் அரித்தால் கீரிப்பூச்சிக்குப் பாருங்கள். பால் கலக்காத டீ நிறத்தில் சிறுநீர், முகம் அல்லது கண்ணிமை வீக்கம் என்றால் அன்றைக்கே போக வேண்டும், தொண்டைப் புண் வந்து ஓரிரு வாரம் கழித்து இது வரும். இரவில் படுக்கையை நனைப்பது 5 வயது வரை சாதாரணம். ஆனால் ஆறு மாதம் நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்ப நனைத்து, கூடவே ஓயாமல் தண்ணீர் கேட்டு, உடம்பும் இளைத்தால் சர்க்கரைப் பரிசோதனையை மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

மழைக்குக் கலெக்டர் நாலு நாள் தொடர்ந்து விடுமுறை விட்டால் பழக்கம் கலைந்துவிடும். பள்ளி திறப்பதற்கு முந்தின நாளே பள்ளி நேரத்துக்கு எழுப்பி, இடைவேளை நேரத்தில் வீட்டிலேயே ‘போய்ட்டு வா’ என்று அனுப்புங்கள்.