ஃபேப்ரிக் என்பது பெட்டியின் பெயரன்று: சான் ஸ்விட்ச் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் லினக்ஸும் ஈதர்நெட்டும் நன்றாக அறிந்தவர்கள். அவர்களே சான், அதாவது சர்வர்களை ஸ்டோரேஜோடு இணைக்கும் தனி நெட்வொர்க்கின் ஸ்விட்ச் முன் நின்றதும், நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை சொற்களைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருபவை. கேபிளை அரைகுறையாகச் சொருகுவது, மூடியைக் கழற்ற மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. விளக்கு எரியாவிட்டால் அவை தாமாகவே தெரிந்துவிடும்.

இரண்டு ஸ்விட்சையும் இணைத்தால் பாதுகாப்பு கூடும் என்று நம்புதல்

ஒன்றோ பலவோ ஆன ஃபைபர் சேனல் (சானில் பயன்படும் நெட்வொர்க் முறை) ஸ்விட்ச்கள் ஒரே பெயர்ப் பதிவேட்டையும் ஒரே ஸோன் பட்டியலையும் (யார் யாரோடு பேசலாம் என்ற பட்டியல்) பகிர்ந்துகொண்டு இயங்கும்போது, அந்த முழு அமைப்புக்குத்தான் ஃபேப்ரிக் என்று பெயர். இப்படி 'ஏ', 'பி' என்று தனித்தனியாக இரண்டு ஃபேப்ரிக்குகள் வேண்டும். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒரு எச்.பி.ஏ. (சர்வரைச் சானோடு இணைக்கும் கார்டு) போர்ட் 'ஏ' ஃபேப்ரிக்குக்கும் மற்றொன்று 'பி' ஃபேப்ரிக்குக்கும் போக வேண்டும். டிஸ்க்குகள் அடங்கிய ஸ்டோரேஜ் அரேயின் போர்ட்களும் அவ்வாறே பிரிய வேண்டும். ஒரு பக்கம் முழுவதுமாக விழுந்தாலும் மல்ட்டிபாத் மென்பொருள் மறுபக்கத்தின் வழியே டிஸ்க்கை எட்டிக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாட்டின் உயிரே அவ்விரண்டு ஃபேப்ரிக்குகளுக்கும் இடையில் ஒரு கேபிள்கூட இல்லாமல் இருப்பதுதான்.

எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இடத்தில் இரண்டாவதைப் பொருத்தி முடித்தபோது, கையில் ஓர் எல்.சி. ஃபைபர் கேபிள் மிச்சமிருந்தது. ஈதர்நெட்டில் செய்வதுபோல, இரண்டு ஸ்விட்சிலும் கடைசியாக இருந்த 23ஆம் போர்ட்டை அதனால் இணைத்தேன். ஃபேப்ரிக்கில் ஒவ்வொரு ஸ்விட்சையும் அடையாளம் காட்டும் டொமைன் எண்ணைப் புதியதில் முன்பே 2 என மாற்றியிருந்ததால் மோதல் எதுவும் எழவில்லை. பச்சை விளக்கு எரிந்தது, 'ஸ்விட்ச்ஷோ' கட்டளை அந்தப் போர்ட்டை இ-போர்ட் (ஸ்விட்சோடு ஸ்விட்சை இணைக்கும் போர்ட்) என்று காட்டியது, பழைய ஸ்விட்சின் ஸோன் பட்டியல் முழுவதும் காலியாக இருந்த புதியதில் தானாக வந்து இறங்கியது. அத்தனை ஸோன்களையும் மறுபடி தட்டச்சு செய்யும் வேலை மிச்சம் என்று மகிழ்ந்தேன். அந்த நொடியில் எங்களிடம் இருந்தது ஒரே ஃபேப்ரிக் என்பது உறைக்கவில்லை.

பல மாதங்கள் ஒரு பிழைச்செய்தியும் இல்லை. பின்னர் ஓரிரவு பேக்கப் சர்வர் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கான ஸோனை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு கான்ஃபிக் (ஸோன்களின் தொகுப்பு) உருவாக்கி, அதை எனேபிள் செய்தேன். எனேபிள் செய்யப்படும் கான்ஃபிக், நடப்பில் இருப்பதோடு சேர்வதில்லை. அதை அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. ஸ்விட்ச் எச்சரித்து ஆமா, இல்லையா என்று கேட்டது, ஆம் என்றேன். ஃபேப்ரிக் ஒன்றே என்பதால் மாற்றம் இரண்டு ஸ்விட்சிலும் ஒருசேர நடந்தது. எல்லாச் சர்வர்களும் தங்கள் டிஸ்க்குகளை இரு வழியிலும் இழந்தன. பழைய கான்ஃபிக்கை மீண்டும் எனேபிள் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் ரீட்-ஒன்லியாக மாறிப்போன ஃபைல் சிஸ்டங்களைச் சரிபார்த்து டேட்டாபேஸ்களை எழுப்பி முடிக்கும்போது விடிந்துவிட்டது. அந்த ஒரு கேபிள் இல்லாதிருந்தால் பாதி வழிகள் விழுந்திருக்கும், சர்வர்கள் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஐ.எஸ்.எல். போட்டுடலாமா அண்ணா, சேஃப்டிக்கு?" என்று, ஸ்விட்ச்களுக்கிடையே போடும் இணைப்பைப் பற்றி இன்றும் யாராவது கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது, கேட்பவர்மீது அன்று, வரைபடங்களில் இரண்டு பெட்டிகளுக்கிடையே சிந்திக்காமல் ஒரு கோடு போடும் பழக்கத்தின்மீது. ஐ.எஸ்.எல். கூடாது என்று நான் சொல்லவில்லை. 'ஏ' பக்கத்திலேயே இரண்டு ஸ்விட்ச்கள் இருந்தால் அவற்றை இணைப்பதற்கு அதுதான் வழி. ப்ரோகேட் நிறுவனத்தின் ஸ்விட்சில் 'ஃபேப்ரிக்ஷோ' கொடுத்துப் பாருங்கள்: மறுபக்கத்து ஸ்விட்சின் பெயர் பட்டியலில் தெரிந்தால் உங்களிடமும் இருப்பது ஒரே ஃபேப்ரிக்தான். அதைக் கண்டவுடன் கேபிளைப் பிடுங்கிவிடவும் வேண்டாம்; ஏதேனும் ஒரு சர்வர் அதன் வழியாகவே டிஸ்க்கை எட்டிக்கொண்டிருக்கலாம்.

ஸோனிங்கையும் லன் மாஸ்க்கிங்கையும் ஒன்றாக எண்ணுதல்

எந்தப் போர்ட் எந்தப் போர்ட்டோடு பேசலாம் என்பதை ஸ்விட்சில் தீர்மானிப்பது ஸோனிங். அப்படிப் பேசவந்த சர்வருக்கு எந்த லன்னை (அரே ஒரு டிஸ்க்காகக் காட்டும் பகுதி) காட்டுவது என்பதை ஸ்டோரேஜ் அரேயில் தீர்மானிப்பது மாஸ்க்கிங். ஸோன் மட்டும் போட்டு மாஸ்க்கிங்கைத் திறந்துவிட்டால், புதிய விண்டோஸ் சர்வர் பிறருடைய லன்களையும் காலி டிஸ்க் என்று நினைத்து, இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்கும். யாராவது ஓகே அழுத்துவார்.

நோடு பெயரை வைத்து ஸோன் போடுதல்

டபிள்யு.டபிள்யு.என். (ஃபைபர் சேனல் கருவிகளை அடையாளம் காட்டும் பெயர்) 64 பிட் நீளமுள்ளது, 16 ஹெக்ஸ் இலக்கங்களாக எழுதப்படுவது. எச்.பி.ஏ.வுக்கு ஒரு நோடு பெயரும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனிப் போர்ட் பெயரும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஓரிலக்க வேறுபாட்டோடு இரட்டைப் பிறவிகள் போல இருக்கும். ஸோனில் போர்ட் பெயரையே எழுதுங்கள்.

எஸ்.எஃப்.பி.யையும் கேபிளையும் கலத்தல்

எஸ்.எஃப்.பி. என்பது போர்ட்டில் சொருகும் ஒளி மாட்யூல். அதன் அலைநீளம் 850 நானோமீட்டர் என்றால் கேபிள் மல்ட்டிமோடு, 1310 என்றால் சிங்கிள்மோடு.

8 ஜி என்பதை 8 கிகாபைட் என்று படித்தல்

அது போர்ட்டின் வேகம்; ஜி என்றால் கிகாபிட். ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 800 மெகாபைட்தான் கிடைக்கும்.

துளைகளை எண்ணிப் போர்ட் கணக்குச் சொல்லுதல்

24 துளைகள் இருக்கும்; உரிமம் 8 போர்ட்டுக்கு மட்டுமே வாங்கியிருப்பார்கள்.