ஒன்றரை நாளில் ஒரு மேசை: வார இறுதித் தச்சர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலிருந்து கரையோர ரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் மொரட்டுவையில் இறங்கிவிடலாம். அங்கே கட்டிலும் அலுமாரியும் கதிரையும் ஆயத்தமாகவே விற்பனைக்கு நிற்கும். அப்படியிருந்தும் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வங்கி அதிகாரிகள், கணக்காளர்கள், ஆசிரியர்கள் என்று தச்சுத்தொழிலோடு சம்பந்தமே இல்லாத பலர், சனி ஞாயிறு வந்தால் வாளையும் உளியையும் கையில் எடுக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். இதுவரை நான் பாழாக்கிய பலகைகளை எண்ணிப் பார்த்தால், கைத்திறன் போதாமல் கெட்டவை சிலவே. நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டதால் கெட்டவைதான் அதிகம். பசைக்கும் வார்னிஷுக்கும் மரத்துக்கும் கீழ்மாடிக்காரருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தனித்தனி நேரம் இருக்கிறது என்பதை மறந்து, எல்லாவற்றையும் நம்முடைய அவசரத்துக்குள் திணிக்கும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

நேரக் கணக்கு

1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை தருகிறது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து வீடு திரும்பிச் சாப்பிட்டு எழும்பினால் மணி மூன்றாகிவிடும். பிள்ளைகளை டியூசனுக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்துவருவதும், ஞாயிறு காலையில் கோயிலோ தேவாலயமோ, அதன் பிறகு சந்தையும், மாதத்தில் ஒரு தடவையாவது உறவினர் வீட்டுக் கலியாணமும் போக, உளி பிடிக்க எனக்கு எஞ்சுவது ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். அந்த ஆறில் கருவிகளை எடுத்து வைக்க அரை மணி, கூட்டித் துடைத்து ஒழுங்குபடுத்த முக்கால் மணி என்று இரண்டு நாளிலும் நாளுக்கு ஒன்றேகால் மணி கழிந்துவிடும். ஆக, கையில் உண்மையாகவே இருப்பது மூன்றரை மணித்தியாலம்தான். தொழில்முறை ஓடாவி ஒருவர் இரண்டு நாளில் முடிக்கும் மேசை நமக்கு ஐந்தாறு வாரம் எடுப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது, “அடுத்த ஞாயிறு முடித்துவிடுவேன்” என்று வீட்டில் வாக்குக் கொடுப்பதற்கு.

வாக்குக் கொடுத்துக் கெட்டதற்கு என்னிடம் உள்ள நல்ல உதாரணம் ஒரு கொலுப்படி. நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஐந்து படிகள் செய்து தருவதாக வீட்டில் சொன்னேன். வெட்டுவதும் பொருத்துவதும் முதல் வார இறுதியிலேயே முடிந்துவிட்டன. வார்னிஷ் பூசும் வாரத்தில்தான் மழை பிடித்தது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கொழும்பில் காலை வெயிலாக இருந்தாலும் பின்னேரம் இடியுடன் மழை கொட்டும் என்பது இந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் நான் பகல் ஒரு மணிக்குப் பூசத் தொடங்கினேன். ஈரக்காற்றில் பூச்சு மெதுவாகவே காய்ந்தது. முதல் பூச்சு காயுமுன் இரண்டாவதைப் பூசியதால் மேல்பாகம் தோல் கட்டி, உள்ளே பிசுபிசுப்பு நின்றுவிட்டது. பொம்மைகளை எடுத்தபோது அவற்றின் அடியில் விரித்திருந்த துணி படியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த வருடத்திலிருந்து நான் கடைப்பிடிப்பது, வேலையைப் பிரிக்கும்போது காத்திருக்கும் நேரத்தை வார நாட்களுக்குள் தள்ளிவிடுவது. வெள்ளை மரப்பசையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை கிளாம்பில் இறுக்கி வைத்தால் பிடித்துக்கொள்ளும் என்றாலும், முழு வலுவுக்கு 24 மணித்தியாலம் வேண்டும். ஆகவே ஞாயிறு மாலையில் ஒட்டிக் கிளாம்ப் போட்டுவிட்டு எழும்பினால் திங்கட்கிழமை முழுவதும் அது நமக்காக வேலை செய்யும். மேல்பூச்சையும் மழை பெய்யும் மாதங்களில் காலை எட்டு மணிக்குள் பூசிவிட வேண்டும். நண்பகலுக்குப் பின் வார்னிஷ் டின்னைத் திறப்பதே பிழை. பௌத்தர்களின் பௌர்ணமிப் புனித நாளான போயா தினம் வெள்ளியிலோ திங்களிலோ விழுந்து நீண்ட விடுமுறை கிடைத்தால், புதிய வேலை தொடங்குவதை விட, பாதியில் நிற்கும் ஒன்றை முடிப்பதே புத்திசாலித்தனம். என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு காலத்தில் ஒரே நேரத்தில் நான்கு அரைகுறை வேலைகள் நின்றன. மனைவி அந்த இடத்துக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

மரத்தின் ஈரம்

சனிக்கிழமை காலையில் மரக்காலையில் பலகை வாங்கி அன்று பின்னேரமே அறுப்பதுதான் வார இறுதித் தச்சர்கள் செய்யும் தவறுகளில் மிகவும் விலையுயர்ந்தது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரை ஏற்கும், விடும். கொழும்பின் காற்று ஈரப்பதன் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால், இங்கே நிழலில் காய்ந்த மரம் ஏறத்தாழ 15, 16 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். குளிர்நாட்டுப் புத்தகங்களும் காணொளிகளும் சொல்லும் 8 சதவீதம் இங்கே திறந்த அறையில் நிலைக்காது. ஆனால் இப்போது பல வீடுகளில் படுக்கையறைக்கும் பிள்ளைகளின் படிப்பறைக்கும் ஏ.சி. போட்டிருக்கிறோம். தொடர்ந்து குளிரூட்டிய அறையில் காற்று உலர்வதால் அதே மரம் 10 சதவீதத்தை நோக்கி இறங்கும். இரண்டடி அகலமான தேக்கு மேற்பலகை 16 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்குக் காய்ந்தால், அறுத்த விதத்தைப் பொறுத்து அகலத்தில் ஆறேழு மில்லிமீற்றர் வரை சுருங்கலாம். நீளத்தில் சுருக்கம் கணக்கில் எடுக்கத்தக்கதல்ல. அகலத்தில்தான் எல்லாத் தொல்லையும். மேற்பலகையைச் சட்டத்தோடு நாலாபுறமும் ஆணியடித்தும் பசை பூசியும் இறுக்கிவிட்டால், சுருங்க இடமில்லாத பலகை நடுவே வெடிக்கும். என் மகளின் படிப்பு மேசை அப்படித்தான் ஓர் இரவில் துப்பாக்கி வெடித்தது போன்ற சத்தத்தோடு பிளந்தது. சட்டத்தில் துளையிடும்போது அகலவாட்டில் நீள்துளை போட்டு, திருகாணி அதற்குள் நகர இடம் விட்டிருந்தால் அந்தப் பலகை இன்றும் முழுதாக இருந்திருக்கும்.

வாங்கிய மரத்தை, அது கடைசியில் நிற்கப்போகும் அறையிலேயே, பலகைகளுக்கு இடையில் ஒரே தடிப்புள்ள சிறு கட்டைகள் வைத்து அடுக்கி, குறைந்தது இரண்டு வாரம் விட்டுவிட வேண்டும். பச்சை மரமாயின் வாரங்கள் போதாது, மாதங்கள் வேண்டும். ஈரப்பதமானி வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். முடியாதவர்கள் ஒரு துண்டுப் பலகையைச் சமையலறைத் தராசில் வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்து, நிறை குறைவது நின்றபின் வேலையைத் தொடங்கலாம். காத்திருக்கும் அந்த இரண்டு வாரத்தில் உளிகளைச் சாணை பிடிக்கலாம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் குடியிருப்பவர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். உப்புக்காற்றில் துடைக்காமல் வைத்த உளி ஒரு வாரத்தில் துருப்பிடித்துவிடும். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துவைப்பது போதும்.

மரத்தைத் தெரிவு செய்யும்போது விலையை மட்டும் பார்ப்பது அடுத்த பிழை. நடுவில் வைரம் பாய்ந்த பாகமும் ஓரத்தில் வெள்ளையும் கலந்த பலகையை மலிவென்று வாங்கினால், வெள்ளைப் பாகம் ஓரிரு வருடத்தில் உளுத்துப்போய்த் தூள் கொட்டும். தேக்காக இருந்தாலும் வைரப் பாகத்துக்கு உள்ள இயற்கைக் காப்பு வெள்ளைக்கு இல்லை. பழைய வீடு இடித்த மரம் இதற்கு நல்ல மாற்று: பல பத்தாண்டுகள் காய்ந்த பலாவும் முதிரையும் அதில் கிடைக்கும், ஆட்டமும் குறைவு. ஆனால் அதனுள் முறிந்த ஆணிகள் ஒளிந்திருக்கும். காந்தம் பிடித்துப் பார்க்காமல் வாளை வைத்தால் வாளின் விலை மரத்தின் விலையைத் தாண்டிவிடும். அதன் மேலுள்ள பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

ஊரில் உறவினர் வளவில் விழுந்த பலா மரத்தை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்ற ஆசை எல்லோருக்கும் ஒருமுறை வரும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிக்க 1951 ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். மரத்தை வீதியில் கொண்டுசெல்லவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம். கிராம அலுவலரிடம் முதலில் விசாரிப்பது, வழியில் பொலிஸ் சோதனைச் சாவடியில் விசாரிக்கப்படுவதை விட நல்லது.

தொடர்மாடியில் சத்தமும் தூசியும்

மின்வாளும், மரத்தில் பள்ளம் செதுக்கும் ரவுட்டர் கருவியும் 100 டெசிபல் அளவில் சத்தம் எழுப்புவன. இலங்கையின் 1996 ஆம் ஆண்டு இரைச்சல் ஒழுங்குவிதிகள் பகல் என்று கொள்வது காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரையான நேரத்தை. சட்டப்படி அந்த நேரத்துக்குள் இருந்தோம் என்பதால் ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு, கீழ்மாடியில் வயதானவர் உறங்கும் வேளையில், மின்வாளை ஓட்டலாம் என்று நினைப்பது பிழை. சத்தமான வேலை முழுவதையும் சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஐந்தரைக்குள் ஒன்றுசேர்த்துச் செய்துவிட்டு, ஞாயிறை இழைப்புளி, உளி, அரத்தாள் ஆகிய கைக்கருவிகளுக்கு ஒதுக்கினால் அயலவர் வாசலில் வந்து நிற்க மாட்டார். போயா நாளில் மின்கருவியைத் தொடாமல் இருப்பதே மரியாதை. அந்தச் சத்தம் நம்முடைய காதுக்கும் ஆகாது: 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் தாங்கலாம் என்ற அளவுகோலின்படி, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகி, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் மிஞ்சுகிறது. காதடைப்பான் சில நூறு ரூபாவுக்குள் கிடைக்கும்.

மரத்தூசியை ஒரு தொல்லையாக மட்டும் பார்க்கிறோம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. வாழ்நாள் முழுவதும் அதில் உழைப்பவர்களுக்கே அபாயம் கூட என்றாலும், மூடிய பல்கனியில் தேய்த்துவிட்டு அந்தத் தூசியைப் பிள்ளைகளின் படுக்கை வரை மின்விசிறியால் பரப்புவதற்கு நியாயம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் தூளை விட, தெரியாத நுண்தூசியே நுரையீரலுக்குள் இறங்கும். எனவே துணி முகமூடி போதாது, என்95 தரமானது வேண்டும்.

இன்னொன்றைப் பலர் அறிந்திருப்பதில்லை. மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றக்கூடும். அதைத் திறந்த வெளியில் விரித்துக் காயவிட வேண்டும், அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். நீர் டின்னுக்கு மூடி போட மறக்கக் கூடாது; தீக்குப் பயந்து வைத்த நீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு நாம் சொல்லும் விளக்கம் எடுபடாது.

வீட்டாரும் வேலையும்

குடும்பத்தை வேலைக்கு இடையூறாகக் கருதுவதும், குடும்பத்துக்காகத்தான் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவர்களைக் கேளாமலே செய்வதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். காணொளியில் பார்த்த அழகான முக்காலியை நாம் செய்து முடிப்போம். வீட்டுக்குத் தேவையாக இருந்ததோ சப்பாத்து வைக்க ஓர் இறாக்கை. சமையலறைத் தட்டின் உயரத்தை அதில் நின்று வேலை செய்பவரின் முழங்கையை அளந்து தீர்மானிக்க வேண்டும், புத்தகத்தைப் பார்த்தல்ல. தொடர்மாடிவாசிகள் லிப்டின் கதவையும் படிக்கட்டின் திருப்பத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். மொட்டை மாடியில் செய்த அலுமாரியைக் கீழே இறக்க முடியாமல் மறுபடி கழற்றிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

பிள்ளைகள் பக்கத்தில் வந்து நின்றால் “அங்கால போ” என்று விரட்டுவதையே முதலில் செய்கிறோம். மின்கருவி ஓடும்போது அது சரிதான். அந்த நேரத்தில் அவர்கள் அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக் கைவேலையிலோ எட்டு வயதுப் பிள்ளை அரத்தாள் தேய்க்கலாம், திருகாணி முறுக்கலாம், மூலைமட்டம் வைத்துக் கோடு போடலாம். அவர்கள் போட்ட கோடு கோணினால் அந்தக் கோட்டில் அறுக்காமல் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் தேய்த்த இடத்தை அவர்கள் கண் முன்னே திரும்பத் தேய்ப்பது, அடுத்த வாரம் அவர்கள் வராமல் போவதற்குப் போதுமான காரணம்.

ஞாயிறு மாலையில் களைத்த கையோடு “இன்னும் ஒரே ஒரு வெட்டு” என்று மின்வாளை மறுபடி எடுப்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் கடுமையாகத் தவிர்க்கச் சொல்வேன். நான் ஐந்து மணிக்குக் கருவியை நிறுத்திவிடுகிறேன். நிறுத்தியதும் செய்வது இரண்டு: மின்கருவியின் பிளக்கைக் கழற்றிப் பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வைப்பது, அடுத்த சனிக்கிழமை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் பலகையின் பின்பக்கத்திலேயே பென்சிலால் திகதியோடு எழுதுவது. “இடது கால், கழுந்து அரை நூல் இறுக்கம், இழைக்கவும்” என்ற ஒரு வரி (கழுந்து என்பது துளைக்குள் செருகும் முனை, நூல் என்பது தச்சரின் சிறு அளவு), ஐந்து நாள் அலுவலகக் கோப்புகளுக்குப் பிறகு எதை எங்கே விட்டோம் என்று தேடும் அரை மணியை மிச்சப்படுத்தும். எழுதிவிட்டுக் கை கழுவினால், காலிமுகத்திடலில் பட்டம் விடப் போவதற்கு இன்னும் ஒரு மணி நேர வெளிச்சம் இருக்கும்.